ஊரே பார்த்த துப்பாக்கிச் சூட்டை கால் நூற்றாண்டு எப்படி மறைச்சாங்க? சோவியத் தணிக்கை பத்தி பேசலாம்

வைகை_வாசகன்:
தணிக்கைன்னு சொன்னாலே ஒரு ஆபீசர் சிவப்பு பேனாவ வச்சுக்கிட்டு வரி வரியா அடிக்கிறதுதான் மனசுல வருது. சோவியத் யூனியன்ல அதுவும் நடந்துச்சு, 1922லயே க்ளாவ்லிட்னு அதுக்குன்னு ஒரு துறை ஆரம்பிச்சுட்டாங்க. ஆனா என்னை தூங்கவிடாம பண்றது நோவோசெர்காஸ்க் கதை.

தெரியாதவங்களுக்காக சொல்றேன். தெற்கு ரஷ்யாவுல ரொஸ்தோவ் பக்கத்துல இருக்கிற ஊரு, மின்சார ரயில் இன்ஜின் கட்டுற பெரிய ஃபாக்டரி அங்க இருக்கு. 1962 ஜூன் 1ஆம் தேதி காலைல கறி விலை 30 சதவீதம், வெண்ணெய் விலை 25 சதவீதம் ஏத்தியாச்சுன்னு அறிவிப்பு வருது, அந்த ஃபாக்டரில ஏற்கனவே பீஸ் ரேட்ட குறைச்சு வச்சதால கைக்கு வர்ற கூலியும் சுருங்கிப்போய் கெடக்குது, இப்படியே போனா எப்படிங்க பொழைக்கிறதுன்னு டைரக்டர்கிட்ட கேட்டா, கறிக்கு காசில்லன்னா ஈரல் வச்ச பன்னு வாங்கி தின்னுங்கங்கிற மாதிரி பதில் சொல்லிட்டாரு. அவ்வளவுதான், வேலை நின்னுபோச்சு, ரயிலை மறிச்சாங்க. மறுநாள் லெனின் படமும் செங்கொடியும் பிடிச்சுக்கிட்டு ஊருக்குள்ள ஊர்வலமா போனாங்க. கட்சி ஆபீஸ் முன்னாடி இருக்கிற சதுக்கத்துல ராணுவத்தை வச்சு சுட்டாங்க. 26 பேர் செத்தாங்க, 87 பேருக்கு குண்டடி.

அதுக்கு அப்புறம் நடந்ததைத்தான் கவனிக்கணும். தீயணைப்பு வண்டிய கொண்டாந்து சதுக்கத்தை கழுவுனாங்க, ரத்தக்கறை முழுசா போகலன்னு மேல புதுசா தார் போட்டாங்க. பொணங்களை குடும்பத்துக்கு கொடுக்கல, ராத்திரில லாரில ஏத்தி மாவட்டத்துல வேற வேற சுடுகாட்டுல ரகசியமா புதைச்சாங்க, புதைச்ச போலீஸ்காரங்ககிட்டயே வாய திறக்க மாட்டோம்னு எழுதி வாங்கிட்டாங்க. பேப்பர்ல சுட்டதை பத்தி ஒரு வரி வரல. 1980கள் முடியப்போற நேரத்துலதான் அந்த நாட்டு பத்திரிகைல முதல்முதலா வருது.

சதுக்கத்துல நின்னது ஆயிரக்கணக்கான பேரு. செத்தவங்க வீடு இருக்கு, தெரு இருக்கு, கூட வேலை பார்த்தவங்க இருக்காங்க. இத்தனை பேர் கண்ணால பார்த்ததை இத்தனை வருஷம் எப்படி அமுக்க முடிஞ்சுது? என் மனசுல ஒரு பதில் இருக்கு, முதல்ல உங்க பதிலை கேட்கிறேன்.

சிற்றலை_சேகர்:
நான் ரேடியோ ஆளு, அந்த பக்கத்துல இருந்து சொல்றேன்.

அந்த நாட்டுல நிறைய வீடுகள்ல இருந்தது நாம நினைக்கிற ரேடியோவே கிடையாது. சுவத்துல ஒரு ஒலிபெருக்கி பெட்டி, அதுக்கு ஒயர் வழியா நிகழ்ச்சி வரும். ஸ்டேஷன் மாத்துற திருகு இருக்காது, சத்தத்தை கூட்டுறது குறைக்கிறது மட்டும்தான். ரேடியோ தோச்கான்னு சொல்லுவாங்க. சரி காசு சேர்த்து சிற்றலை செட்டு வாங்குனாலும், உள்நாட்டுல விக்கிற செட்டுல 25 மீட்டருக்கு கீழ இருக்கிற பேண்டே பெரும்பாலும் இருக்காது, பகல்ல வெளிநாட்டு ஸ்டேஷன் நல்லா கேட்கிறது 16, 19 மீட்டர்லதான், அதனால தெரிஞ்ச மெக்கானிக்கை பிடிச்சு காயிலை மாத்தி அந்த பேண்டை சேர்த்துக்குவாங்க.

அதையும் தாண்டுனா இரைச்சல். 1948-49ல இருந்து வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா, பிபிசி ரஷ்ய ஒலிபரப்பு மேல அதே அலைவரிசைல இரைச்சல் ஏத்தி அமுக்குனாங்க. 80கள்ல தூத்துக்குடில உட்கார்ந்து ராத்திரி டயலை திருப்பும்போது எனக்கே அது கேட்டிருக்கு, மரம் அறுக்கிற மில்லு வாசல்ல நிக்கிற மாதிரி ஓயாத ஒரே சத்தம். அதுக்கு அடில ஒரு மனுஷன் குரல் வந்து வந்து போகும். பெரிய நகரங்கள்ல உள்ளூர் ஜாமர் தனியா இருந்ததால அங்க ரொம்ப கஷ்டம், கிராமத்து பக்கம் போனா கொஞ்சம் தெளிவா கேட்கும், லீவு நாள்ல ஊருக்கு வெளிய போயி ரேடியோ கேட்டுட்டு வந்தவங்க நிறைய பேரு. 1973ல இருந்து 80 வரைக்கும் சில ஸ்டேஷன்களுக்கு மட்டும் இரைச்சலை நிறுத்தி வச்சாங்க, போலந்துல தொழிலாளர் போராட்டம் வெடிச்சதும் 1980 ஆகஸ்ட்ல மறுபடி போட்டாங்க. ரேடியோ லிபர்ட்டிக்கு மட்டும் நடுவுல விடுதலையே கிடையாது. மொத்தமா நின்னது 1988 கடைசில.

பொன்மலை_தோழர்:
இந்த இழை ஆரம்பிச்சதுக்கு நன்றி தம்பி, ஆனா ஒண்ணு சொல்லணும். இந்த மாதிரி பேச்சு ஆரம்பிச்சா பத்தாவது பதிவுல "கம்யூனிஸ்டுன்னாலே இப்படித்தான்"னு எவனாவது வந்து நிப்பான், அந்த பக்கம் போக வேண்டாம். மாஸ்கோவுல அச்சடிச்ச தமிழ் புத்தகங்களை நியூ செஞ்சுரி கடைல கைக்காசுக்கு வாங்கி படிச்சு வளர்ந்தவன் நான். கெட்டி அட்டை, நல்ல தாள், ஒரு கூலிக்காரன் வீட்டுல அப்படி புத்தகம் இருந்ததுக்கு அந்த நாடு ஒரு காரணம், அதை நான் மறக்க மாட்டேன்.

அதே வாயால இதையும் சொல்றேன். நான் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். 1946 செப்டம்பர் 5ல எங்க மைதானத்துல வெள்ளைக்காரன் போலீஸ் சுட்டு அஞ்சு தொழிலாளிங்க செத்தாங்க. இன்னிக்கும் வருஷா வருஷம் செப்டம்பர் 5 ஆனா கொடி ஏத்துறோம், பேரு சொல்றோம், மாலை போடுறோம். நோவோசெர்காஸ்க்ல செத்தவனும் ரயில் இன்ஜின் கட்டுனவன்தான், அவனும் செங்கொடிதான் பிடிச்சிருந்தான். அவன் பொண்டாட்டிக்கு குழி எங்க இருக்குன்னுகூட சொல்லலன்னா அதை நியாயப்படுத்த என்கிட்ட வார்த்தை இல்ல. தொழிலாளி அரசுன்னு சொல்லிக்கிட்டு இதை செஞ்சதால எனக்கு கோவம் ரெண்டு மடங்கு.

கயல்_எம்:
தோழர் சொன்னதுக்கு மேல அந்த விஷயத்துல நான் ஒண்ணும் சேர்க்கல. க்ளாவ்லிட் எப்படி வேலை செஞ்சுதுன்னு மட்டும் கொஞ்சம் விரிவா எழுதுறேன், ஏன்னா அதை புரிஞ்சுக்காம மீதி புரியாது.

அவங்ககிட்ட ஒரு தடை பட்டியல் இருந்துச்சு, எதெல்லாம் அச்சுல வரக்கூடாதுன்னு. ராணுவ ரகசியம் மட்டும்னு நினைச்சுடாதீங்க, விபத்து, குற்ற புள்ளிவிவரம், இந்த மாதிரி தணிக்கைன்னு ஒண்ணு நடக்குதுங்கிறதுகூட அதுல அடக்கம். எடிட்டர் பழக பழக பட்டியலை பார்க்கவே வேண்டியதில்ல, எழுதுறவனே எங்க நிறுத்தணுமோ அங்க நிறுத்திக்குவான். நூலகத்துல தனி அறை வச்சு தடை புத்தகங்களை அடுக்கி, அனுமதி சீட்டு இருக்கிற ஆளுக்கு மட்டும் காட்டுவாங்க.

பழசையும் விட்டு வைக்கல. 1953ல ரகசிய போலீஸ் தலைவரா இருந்த பெரியாவை கைது பண்ணுனாங்க இல்லையா, சோவியத் கலைக்களஞ்சியத்துல அவரை பத்தி படத்தோட பெரிய கட்டுரை இருந்துச்சு. சந்தாதாரர் வீட்டுக்கெல்லாம் தபால்ல புது பக்கங்கள் வந்துச்சு, பழைய பக்கத்தை கத்தரியோ பிளேடோ வச்சு வெட்டி எடுத்துட்டு இதை அந்த இடத்துல ஒட்டிக்கோங்கன்னு குறிப்போட. புது பக்கத்துல பேரிங் கடல் பத்தியெல்லாம் நீட்டி எழுதியிருந்துச்சு. தன் வீட்டு அலமாரில இருக்கிற புத்தகத்தை தன் கையாலயே ஒருத்தர் வெட்டுறார்னு யோசிச்சு பாருங்க.

இன்னொண்ணு. 1982 அக்டோபர் 20, மாஸ்கோ லூழ்னிகி ஸ்டேடியத்துல ஸ்பார்ட்டக் டீமுக்கும் ஹாலந்து ஹார்லெம் டீமுக்கும் மேட்ச். முடிஞ்சு வெளிய வரும்போது படிக்கட்டுல நெரிசல், அரசு கணக்குப்படியே 66 பேர் செத்தாங்க, பாதிக்கு மேல பசங்க. மறுநாள் ஒரு மாலை பேப்பர்ல சின்னதா குறிப்பு, ஆட்டம் முடிஞ்சப்புறம் விபத்து நடந்தது, பாதிக்கப்பட்டவங்க உண்டுன்னு. எத்தனை பேர், யாரு, ஏன், ஒண்ணும் கிடையாது. 1989ல ஒரு விளையாட்டு பத்திரிகை எழுதுற வரைக்கும் அந்த குறிப்புதான் மொத்த செய்தி.

நர்ஸ்_தங்கம்:
நான் இங்க பெரும்பாலும் படிச்சுட்டு போறவதான், ஆனா கயல் மேடம் எழுதுனதை பார்த்ததும் ஸ்வெர்த்லோவ்ஸ்க்னு ஒரு ரஷ்ய நகரத்துல நடந்தது ஞாபகம் வந்துடுச்சு, எங்க துறை சம்பந்தப்பட்டதுங்கிறதால சொல்றேன். 1979 ஏப்ரல்ல அங்க ராணுவ ஆய்வுக்கூடத்துல இருந்து ஆந்த்ராக்ஸ் கிருமி காத்துல வெளியேறி அறுபதுக்கும் மேல ஜனங்க செத்துட்டாங்க. அரசாங்கம் சொன்னது, நோய் வந்த மாட்டுக்கறி சாப்பிட்டாங்கன்னு. ஆஸ்பத்திரி ரெக்கார்டை எல்லாம் உளவுத்துறை கேஜிபி வந்து அள்ளிட்டு போயிட்டாங்க.

பிரேத பரிசோதனை பண்ண டாக்டர்ங்க ஃபைனா அப்ரமோவா, லெவ் கிரின்பெர்க். அவங்களுக்கு உடம்பை திறந்து பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு, நெஞ்சுக்குள்ள நிணநீர் கட்டிலதான் பாதிப்பு, அப்படின்னா மூச்சு வழியா போயிருக்கு, வயித்து வழியா இல்ல. திசு சாம்பிளை பாட்டில்ல போட்டு, குறிப்புகளையும் சேர்த்து, யாருக்கும் சொல்லாம பத்து வருஷத்துக்கு மேல வச்சு காப்பாத்துனாங்க. 1992ல ரஷ்ய அதிபர் யெல்ட்சின் ராணுவம்தான் காரணம்னு ஒத்துக்கிட்டாரு, அந்த வருஷமே அமெரிக்க விஞ்ஞானி மெசல்சன் குழு போயி செத்தவங்க அன்னிக்கு எங்க இருந்தாங்கன்னு மேப்புல குறிச்சா, ஆய்வுக்கூடத்துல இருந்து காத்து அடிச்ச திசையில ஒரே கோடா நிக்குது.

எனக்கு இதுல தாங்க முடியாதது, வார்டுல பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்ட நர்ஸுங்களுக்கும் கறின்னுதான் சொல்லியிருப்பாங்க. அவங்க வீட்டுக்கு போயி பிள்ளைங்க தட்டுல இருந்த கறியை தூக்கி கொட்டியிருப்பாங்க, ஜன்னல் திறந்துதான் இருந்திருக்கும்.

வைகை_வாசகன்:
எல்லாரும் எழுதுனதை படிச்சுட்டேன். இப்ப என் பதில்.

நோவோசெர்காஸ்க்காரனுக்கு நடந்தது தெரியும். அவன்கிட்ட இருந்து அந்த உண்மைய யாரும் பிடுங்க முடியாது, அரசுக்கும் அது தெரியும். ஆனா பக்கத்து வீட்டுக்காரன் இதை பேசுவானா, பேசுனா கூட நிப்பானா, ரொஸ்தோவ்ல இருக்கிறவனுக்கு தெரியுமா, மாஸ்கோ ஃபாக்டரில இருக்கிறவனுக்கும் அதே கறி விலைல அதே கோவம் வந்துச்சா, இது எதுவுமே அவனுக்கு தெரியாது. ஒவ்வொருத்தனும் தனக்கு மட்டும்தான் இப்படி தோணுதுன்னு நினைச்சுக்கிட்டு வாய மூடிக்கிட்டு இருப்பான். எழுதி வாங்குன பேப்பர், ஒயர் ரேடியோ, இரைச்சல், தார் ரோடு எல்லாமே இந்த ஒரு வேலைக்குத்தான், தெரிஞ்சவனை தனியாளாக்குறதுக்கு.

இதை உடைக்க அந்த ஜனங்களே கண்டுபிடிச்ச வழிதான் சமிஸ்தாத், அதாவது தணிக்கைக்கு தெரியாம தாங்களே அடிச்சு கைமாத்துறது. 1968 ஏப்ரல் 30ல "நடப்பு நிகழ்ச்சிகளின் குறிப்பேடு"ன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, முதல்ல தொகுத்தது நத்தாலியா கர்பனேவ்ஸ்காயா. மெல்லிசு தாளு, நடுவுல கார்பன், டைப்ரைட்டர்ல ஓங்கி அடிச்சா ஒரு தடவைக்கு நாலஞ்சு பிரதி வரும், கடைசி பிரதி கண்ணுக்கே தெரியாது, வாங்குனவன் மறுபடி அடிச்சு நாலு பேருக்கு கொடுப்பான். அதுல கருத்தே இருக்காது, யாரை எங்க கைது பண்ணுனாங்க, கோர்ட்ல என்ன நடந்துச்சு, முகாம்ல யாரு உண்ணாவிரதம், முன் இதழ்ல தப்பா வந்திருந்தா திருத்தம், அவ்வளவுதான். அந்த அம்மாவை 1969 டிசம்பர்ல கைது பண்ணி மனநோய் ஆஸ்பத்திரில போட்டாங்க, ஆனா இதழ் 1983 வரைக்கும் அறுபதுக்கு மேல வந்துச்சு.

செய்தி அனுப்புறது எப்படின்னு வாசகர்களுக்கு அதுலயே சொல்லியிருந்தாங்க: இந்த பிரதிய உங்களுக்கு யாரு கொடுத்தாங்களோ அவங்ககிட்ட சொல்லுங்க, அவங்க தனக்கு கொடுத்தவங்ககிட்ட சொல்லுவாங்க, இப்படியே எங்ககிட்ட வந்து சேரும், ஆனா நீங்களா முழு சங்கிலியையும் தேடி பிடிக்க பார்க்காதீங்க, உளவாளின்னு நினைச்சுடுவாங்க. போனும் இல்லாம பேரும் இல்லாம ஒரு நாட்டுக்கே நிருபர் கூட்டத்தை உருவாக்கியிருக்காங்க, படிச்சப்போ அப்படியே உட்கார்ந்துட்டேன்.

கூடவே ஒண்ணு, இப்படி எல்லார் வாயையும் அடைச்சா கடைசில மேல இருக்கிற அரசுக்கும் கண்ணு போயிடும்.

கயல்_எம்:
வாசகன் சார், கடைசி வரிய மட்டும் அப்படியே ஏத்துக்க முடியல. மேல இருந்தவங்களுக்கு செய்தி போயிக்கிட்டுத்தான் இருந்துச்சு. டாஸ்ங்கிற அரசு செய்தி நிறுவனம் வெளிநாட்டு செய்திகளை எல்லாம் வடிகட்டாம தொகுத்து மேலிடத்துக்கு மட்டும் தனி பதிப்பு கொடுத்துக்கிட்டு இருந்தாங்க, வெள்ளை டாஸ்னு பேரு, பதவிக்கு ஏத்த மாதிரி அதுலயும் தரம் உண்டு. கேஜிபி அறிக்கை தனி. நோவோசெர்காஸ்க்குக்கு மிகோயான், கொஸ்லொவ்னு தலைமைல இருந்தே ஆளுங்க நேரா வந்து நின்னாங்க. தெரியாம செஞ்சாங்கன்னு அவங்களுக்கு ஒரு சாக்கு கொடுத்துட கூடாது பாருங்க.

கண்ணு போச்சுன்னு சொன்னா அது நடுவுல வேலை செய்யுறவனுக்குத்தான். 1975 நவம்பர்ல லெனின்கிராட் அணுமின் நிலையத்துல ஒரு விபத்து, செர்னோபில்ல இருந்த அதே ஆர்பிஎம்கே ரக ரியாக்டர். நிபுணர்கள் சிலருக்கு காரணம் புரிஞ்சுது. 1983ல லிதுவேனியாவுல இக்னலினா அணுமின் நிலையத்துல சோதனை பண்ணும்போது, நிறுத்துறதுக்கு இறக்குற தண்டே முதல் நொடிகள்ல ரியாக்டர் சக்திய கூட்டுதுன்னு தெரிஞ்சுது. ரகசியம் ரகசியம்னு வச்சதுல செர்னோபில் கண்ட்ரோல் ரூம்ல உட்கார்ந்த ஆபரேட்டருக்கு இந்த ஆபத்து சொல்லப்படல. 1986 ஏப்ரல் 26 ராத்திரி 1:23க்கு நிறுத்துறதுக்கான பட்டனை அழுத்துனாங்க.

சிற்றலை_சேகர்:
செர்னோபில் வந்துடுச்சு, அந்த ரெண்டு நாள் கணக்கை சொல்லிடுறேன். நிலையத்துக்கு பக்கத்துல இருந்த பிரிப்யத் டவுன்ல ஏறக்குறைய 49,000 பேரு. 26ஆம் தேதி சனிக்கிழமை, பிள்ளைங்க பள்ளிக்கூடம் போனாங்க, வெளிய விளையாண்டாங்க. 27 மதியம்தான் நான் முன்னாடி சொன்ன அதே ஒயர் ரேடியோல அறிவிப்பு, தற்காலிகமா வெளியேறணும், அத்தியாவசிய சாமானும் ஆவணமும் எடுத்துக்கோங்கன்னு. 28 காலைல சுவீடன் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்துல ஊழியர் ஷூவுல கதிர்வீச்சு காட்டுது, அவங்க தங்கள் நிலையத்துல இல்லன்னு உறுதி பண்ணிட்டு மாஸ்கோவை கேட்கிறாங்க, அன்னிக்கு ராத்திரி 9 மணி செய்தில நாலஞ்சு வாக்கியம். மே 1ஆம் தேதி கீவ்ல பிள்ளைங்களை வச்சு ஊர்வலம் நடத்துனாங்க. சோவியத் தலைவர் கர்பச்சேவ் டிவில பேசுனது மே 14.

தங்கம் அக்கா சொன்ன ஜன்னல் இங்கயும் திறந்துதான் இருந்திருக்கு. அயோடின் மாத்திரைய முதல் நாளே எல்லாருக்கும் கொடுத்து வீட்டுக்குள்ள இருங்கன்னு ரேடியோல சொல்ல எத்தனை நிமிஷம் ஆகும்? ஒயர் ஒவ்வொரு வீட்டுக்கும் ஏற்கனவே போட்டு வச்சிருக்காங்க. எனக்கு ஆத்திரம் வர்ற இடம் இதுதான், கருவி கையில இருக்கு, ஜனங்களுக்காக அதை ஒரு தடவை திறக்க மனசு வரல.

வைகை_வாசகன்:
கயல் சொன்னது சரியான கேள்வி, நான் சொல்ல வந்ததுக்கும் பக்கத்துலதான் இருக்கு. தலைமைகிட்ட அறிக்கை இருந்துச்சு, ஆனா அறிக்கைய எழுதுறவன் தன் மேலதிகாரி முகத்தை பார்த்து எழுதுனான், அதை தட்டி கேட்க வெளிய ஒரு பத்திரிகை இல்ல. அந்த அர்த்தத்துலதான் சொன்னேன். அவங்களுக்கு சாக்கு கொடுக்கிற எண்ணம் துளியும் இல்ல.

நர்ஸ்_தங்கம்:
ஒரு சந்தேகம். நோவோசெர்காஸ்க்ல சுட மாட்டேன்னு சொன்னவங்க யாருமே இல்லையா? சுட சொன்னவங்களுக்கு பின்னாடி ஏதாவது தண்டனை கிடைச்சுதா?

கயல்_எம்:
இருந்தாருங்க. ஜெனரல் மத்வேய் ஷபோஷ்னிகொவ். துஸ்லோவ் ஆத்துப் பாலத்துல டாங்குகளோட நின்னது அவர். ஊர்வலம் வர்றதுக்கு முன்னாடியே வீரர்களோட துப்பாக்கில இருந்து குண்டை எடுக்க சொல்லிட்டாரு, டாங்கை விட்டு தாக்குன்னு மேல இருந்து சொன்னப்போ, என் முன்னாடி எதிரி யாரும் தெரியலன்னு பதில் சொல்லிட்டாரு. தொழிலாளிங்க டாங்கு மேலயே ஏறி இறங்கி பாலத்தை தாண்டி போனாங்க. சூடு நடந்தது அதுக்கப்புறம் ஊருக்குள்ள. அவர் பின்னாடி புனைபேர்ல எழுத்தாளர் சங்கத்துக்கெல்லாம் நடந்ததை கடிதமா எழுதுனாரு, கேஜிபி கண்டுபிடிச்சு 1967ல கட்சில இருந்து நீக்குனாங்க. 1988ல திரும்ப சேர்த்தாங்க. வேலைநிறுத்தத்துல கலந்துக்கிட்ட தொழிலாளி பியோத்ர் சியூதா 12 வருஷ தண்டனை வாங்குனவரு, வெளிய வந்து சாட்சிகளை தேடி தேடி சேகரிச்சாரு, 1990ல செத்துட்டாரு. ரகசிய குழிகளை கண்டுபிடிச்சு எலும்புகளை ஊருக்கு கொண்டு வந்து 1994ல அடக்கம் பண்ணுனாங்க.

உத்தரவு போட்டவங்க மேல 1992ல ராணுவ வழக்கறிஞர் அலுவலகம் வழக்கு போட்டுச்சு, அப்ப நாட்டு தலைவரா இருந்த குருஷ்சேவ், மிகோயான், கொஸ்லொவ் உட்பட. எல்லாரும் செத்துட்டதால மூடிட்டாங்க. யாருக்கும் தண்டனை இல்ல. ஆனா போராட்டத்துல இருந்தவங்கள்ல ஏழு பேருக்கு 1962லயே மரண தண்டனை கொடுத்தாங்க.

பொன்மலை_தோழர்:
மரண தண்டனை கொடுத்தாங்கன்னு சொன்னீங்களே, அந்த ஆளுங்க பேரு தெரிஞ்சா இங்க போடுங்கம்மா. தமிழ்ல எழுதி வச்சுக்கிறேன். செப்டம்பர் 5 கூட்டத்துல பேசுறதுக்கு எனக்கு வேணும்.

கயல்_எம்:
1962 ஆகஸ்ட்ல நடந்த விசாரணை தோழர், ஏழு பேரு. அலெக்சாண்டர் சைத்செவ், அந்திரேய் கோர்காச், மிகயில் குஸ்நெத்சோவ், போரிஸ் மொக்ரவூசொவ், செர்கேய் சோத்னிகொவ், விளாதிமிர் செரெபானொவ், விளாதிமிர் ஷுவாயெவ்.